பாடசாலையிற் சமயம்

பாடசாலைகளிலே சமயம் கற்பிக்கப்படல் வேண்டுமா என்னும் வினாவுக்கு ஒவ்வொரு நாடும் தன் வரலாற்றுக்கேற்ப விடை கண்டிருக்கின்றது. இங்கிலாந்து 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தினால் அதனைக் கட்டாயமாக்கிற்று. இந்தியா 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பிலே, முற்றும் அரசாங்கப் பணத்தால் நடைபெறும் கல்வி நிலையங்களிற் சமய போதனை கூடாதென விதித்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் உயர் நீதிமன்றம் 1963இல் அரசினர் பாடசாலைகளில் வேதப் புத்தகத்தை வழிபாடாக வாசித்தலைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. இலங்கையின் கதை இவற்றினின்றும் வேறு. பிள்ளைக்குச் சமயம் வேண்டா என்று இங்கு வாதிட்டோர் மிகச் சிலரே. சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் கிறித்தவரும் அது வேண்டும் என்பதில் ஒருமனப்பட்டே நின்றனர். எவருடைய சமயம், எவருடைய பிள்ளைக்கு, எவருடைய பணத்தினாற் கற்பிக்கப்படுவது என்பதிலேதான் நெடுங்கால வழக்கு நிகழ்ந்தது. அவ்வழக்கு மிகக் கூர்மையாக நடைபெற்ற இடங்களுள் யாழ்ப்பாணம் ஒன்று.

ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைப் பறங்கியரிடமிருந்து கைப்பற்றினர். அவர்கள் காலத்திற் பாடசாலையும் கோவிலும் வெவ்வேறாக இருந்தில. கோவிற்பற்றுத்தோறும் ஒரு பாடசாலை. அதன் உபாத்தியாயரே ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் தோம்பிற் பதிபவர். பிள்ளைகள் படித்தவை கர்த்தருடைய செபமும் பத்துக் கற்பனைகளும் விசுவாசப் பிரமாணமும் ஆம். பிள்ளையை அனுப்பாத பெற்றோர் குற்றப்பணம் இறுத்தல் வேண்டும். அரசாங்க உத்தியோகம் வேண்டுவோர்க்கும், விவாகம் சட்டப்படி நிலைபெற வேண்டுவோர்க்கும், முதலியார் பட்டம் விரும்புவோர்க்கும் தோம்பிற் பெயர் இருத்தல் அவசியமாயிற்று. பெயரைத் தோம்பிற் கொடுத்துவிட்டு நெஞ்சைச் சிவனிடத்தில் வைத்திருந்தோர் எத்தனை பேர் என்பதை ஆங்கிலேயர் வந்த பின்னரே நாடு கண்டது. 1795ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் ஆட்சி யாழ்ப்பாணத்தில் முடிவெய்த, அவர்கள் எண்ணிக்கையிற் கண்டு மகிழ்ந்த கிறித்தவக் கூட்டம் வெயில் முன் பனியாயிற்று. கட்டாயப்படுத்திக் கற்பிக்கும் சமயம் எத்துணை ஆழம் செல்லும் என்பதற்கு இந்நாட்டிலே கிடைத்த முதற் சான்று அதுவே. அச்சான்றைப் பின்வந்தோர் பலரும் படித்ததாகத் தெரியவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் எவரையும் கிறித்தவராகும்படி அரசாங்கம் வற்புறுத்தவில்லை. ஆயின் கல்விப் பணியை அது பெரும்பாலும் மிஷனரிமாரிடமே விட்டுவிட்டது. 1814இல் வெஸ்லியன் மிஷனும், 1816இல் அமெரிக்க மிஷனும், 1818இற் சேர்ச் மிஷனும் இலங்கைக்கு வந்தன. அமெரிக்கர் யாழ்ப்பாணத்தையே தம் களமாகக் கொண்டனர். வட்டுக்கோட்டையில் 1823ஆம் ஆண்டிலே டானியேல் பூவர் பாதிரியார் தலைமையில் ஒரு செமினரி தோன்றிற்று. அடுத்த ஆண்டிலே உடுவிலிற் பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலை எழுந்தது. கணிதம், வானசாஸ்திரம், ஆங்கிலம், தமிழ் ஆகிய யாவும் அச்செமினரியிலே உயர்ந்த முறையிற் போதிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தார் அக்கல்வியை விரும்பினர். அக்கல்வியோடு வந்த வேதபாடத்தையும் அதற்கு இறுக்க வேண்டிய வரியாக எண்ணிப் பலர் ஏற்றனர்.

இந்நிலை மிஷனரிமாருக்கே ஒரு சங்கடத்தை உண்டாக்கிற்று. கல்வி என்பது சுவிசேஷத்துக்கு வாயிலா, அன்றி அதுவே ஒரு பயனா? 1855ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து உறூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழு இவ்வினாவை எழுப்பிற்று. செமினரி அரசாங்க உத்தியோகத்துக்கு ஆட்களை ஆக்குகின்றதேயன்றிச் சபைக்குப் போதிய ஊழியரை ஆக்கவில்லை என்று கண்டு, அதனை மூடுவித்தது. அங்குப் படித்து வெளியேறியவர்களுள் இருவர், கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும், 1857ஆம் ஆண்டிலே சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாயினர். இருவரும் பின்னாளிற் சைவத்துக்கே மீண்டனர். பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தோருள் தாமோதரம்பிள்ளை முன்னணியில் வைத்தெண்ணப்படுபவர். மிஷன் பாடசாலை விதைத்த வித்து மிஷன் எதிர்பாராத வயலில் விளைந்தது.

ஆறுமுக நாவலரின் வரலாறும் இவ்வாறானதே. 1822இல் நல்லூரிற் பிறந்த அவர், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலே ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைசெய்தார். கிறித்தவ வேதத்தை அவ்வளவு நுணுக்கமாக அறிந்த சைவர் அக்காலத்து வேறொருவர் இருந்திருப்பாரா என்பது ஐயம். 1847ஆம் ஆண்டின் இறுதி நாளிலே, வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பாதிரிமார் வாரந்தோறும் பிரசங்கம் செய்தல் போன்று வெள்ளிக்கிழமைதோறும் அது நடைபெற்றது. மறு ஆண்டிலே மிஷன் பாடசாலையை விட்டு நீங்கி, அதே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்.

அவர் கண்ட உண்மை எளியது. மிஷன் பாடசாலையிலே படிக்கும் சைவப் பிள்ளை அங்குக் கேட்பதை மறுப்பதனால் மாத்திரம் சைவனாகிவிடாது. தன் சமயத்தை முறையாகக் கற்பதற்கு அதற்கு ஓர் இடமும் ஓர் ஆசிரியனும் ஒரு புத்தகமும் வேண்டும். வீட்டிலே திருநீறு இட்டுக்கொள்வதும் திருவிழாவிலே தேர் பார்ப்பதும் போதியனவாயிருந்த காலம் போய்விட்டது. எதிரே அச்சிட்ட புத்தகத்தோடு கேள்வி கேட்பவன் நிற்கின்றான். ஆகவே நாவலர் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொணர்ந்தார், பாலபாடங்களை எழுதினார், சைவ வினாவிடையை எழுதினார். இவ்வினாவிடை என்னும் அமைப்பு கவனிக்கத்தக்கது. ஒருவர் வினாவ, மற்றவர் விடை கூறும் முறை நம் பழைய சாத்திர நூல்களிலும் உண்டு. எனினும் சிறுவர் வகுப்பிலே மனனம் செய்தற்கேற்ற சிறு வினாவும் சிறு விடையுமாகச் சமயத்தை வகுத்தல் பாதிரிமாரின் ஞானோபதேசப் புத்தகத்துக்கு மிக நெருங்கியது. ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குப் பின்னர், 1881இல், கேணல் ஒல்கொற்று பௌத்தருக்கென வெளியிட்ட நூலும் வினாவிடையாகவே அமைந்தது. எதிர்த்தோரும் எதிர்க்கப்பட்டோரும் ஒரே கருவியைக் கையாண்டனர். பாடசாலை என்னும் கட்டடத்துட் புகுந்தபோது சைவமும் பௌத்தமும் பாடமாக மாறின. பாடத்துக்குரிய நேரமும் பரீட்சையும் அவற்றுக்கு வந்து சேர்ந்தன. நூறாண்டுக்குப் பின் நிகழவிருந்தவற்றின் வித்து இதிலேயே உள்ளது.

நாவலரின் பாடசாலை பல்லாண்டுகள் அரசாங்க நன்கொடையின்றியே நடைபெற்றது. அரசாங்கம் கல்விக்கெனப் பணம் கொடுத்தது உண்மை. 1834இல் ஒரு கல்விச் சபையும், 1841இல் அதனிற் பெரிய மத்திய பாடசாலைச் சபையும் ஏற்பட்டன. அச்சபைகளிலே கிறித்தவக் குருமாரின் செல்வாக்கு மிக்கிருந்தது. அங்கிலிக்கன் சபையினர்க்கும் ஏனைய சபையினர்க்கும் இடையே எழுந்த பூசல்களே அச்சபைகளின் பொழுதை உண்டன. இவற்றுக்கு ஒரு முடிவு காணும்பொருட்டு 1865இலே சட்டநிரூபண சபை ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. றிச்சட் மோர்கன் அதன் தலைவர். குழுவினர் 1867இல் விடுத்த அறிக்கையின் பயனாக, 1869ஆம் ஆண்டில் வித்தியாபகுதியும் அதற்கொரு வித்தியாதிபதியும் தோன்றினர். அரசினர் பாடசாலைகள் சமயச் சார்பற்றனவாதல் வேண்டும். ஏனைய பாடசாலைகளை எந்தச் சமயத்தார் நடத்தினும், உலகியற் பாடங்களிலே மாணவர் பெறும் தேர்ச்சிக்கேற்ப நன்கொடை வழங்கப்படும். அங்கு நடைபெறும் சமய போதனையில் அரசாங்கம் தலையிடாது. இதுவே புதிய ஒழுங்கு.

ஏட்டளவில் இதனிலும் நடுநிலையான விதி இராது. சைவரும் பாடசாலை அமைக்கலாம், பௌத்தரும் அமைக்கலாம், முஸ்லிம்களும் அமைக்கலாம். தேர்ச்சி காட்டினால் யாவர்க்கும் ஒரே பணம். ஆனால் ஓட்டப்பந்தயத்தில் ஒருவன் ஐம்பதாண்டு முன்னரே ஓடத் தொடங்கிவிட்டான். பாதிரிமாரிடம் கட்டடம் இருந்தது, பயிற்றப்பட்ட ஆசிரியர் இருந்தனர், கடல் கடந்து வரும் பணம் இருந்தது. ஏனையோர் விழித்தெழுந்து கூரை வேய்ந்தபோது, இருக்கின்ற பாடசாலைக்குக் கால் மைலுக்குள் எழும் புதிய பாடசாலைக்கு நன்கொடையில்லை என்னும் விதி 1890களின் தொடக்கத்தில் வந்தது. வீண் செலவைத் தடுப்பதே நோக்கம் என்று வித்தியாபகுதி கூறிற்று. ஊரின் நடுவிலே மிஷன் பாடசாலை நிற்க, ஊராருடைய பாடசாலை ஊருக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. நில அளவைச் சங்கிலியும் சமய விவாதத்துட் புகுந்தது இவ்விதியினாலே.

இத்தடைகளையும் மீறி அம்முயற்சிகள் வளர்ந்தன. கேணல் ஒல்கொற்று 1880இற் காலியில் வந்திறங்கிய பின்னர் பௌத்த பிரமஞான சங்கம் பாடசாலைகளை நிறுவத் தொடங்கிற்று. 1886இல் ஆனந்தாக் கல்லூரி கொழும்பிலே தோன்றிற்று. யாழ்ப்பாணத்திற் சைவபரிபாலன சபையார் 1890ஆம் ஆண்டிலே இந்துக் கல்லூரியைத் தம் பொறுப்பிற்கொண்டு நடத்தலாயினர். சித்திலெவ்வை முதலியோரின் முயற்சியால் 1892இலே கொழும்பு மருதானையில் முஸ்லிம்களின் மதுறசா எழுந்து, பின் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்தது. பெண்களுக்கெனப் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் ஒரு கல்லூரியை மருதனார்மடத்தில் நிறுவினார். 1923இலே சைவ வித்தியாவிருத்திச் சங்கம் உருவாயிற்று. அதன் தூணாய் நின்றவர் நியாயதுரந்தரர் சு. இராசரத்தினம். நகரத்துக்கு ஒரு கல்லூரி என்பதைவிட, ஊர்க்கு ஒரு சைவப் பாடசாலை என்பதே அவர்தம் நோக்கு. நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகள் அச்சங்கத்தின் கீழ் வந்தன. மட்டக்களப்பிலே சுவாமி விபுலானந்தரின் முயற்சியால் 1929இற் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. இப்பெயர்களை அடுக்குவது எளிது. ஓலைக்கொட்டிலிலே சம்பளம் எப்போது வரும் என்று அறியாது கற்பித்த உபாத்தியாயர்களின் பெயர்களை எந்த நூலும் அடுக்கவில்லை.

இனி, மிஷன் பாடசாலை ஒன்றே உள்ள ஊரிற் சைவப் பிள்ளையின் நிலை யாது? பாடசாலைக்கு வருவதும் வராததும் பெற்றோர் விருப்பமாயிருந்த வரையில், பிடிக்காவிட்டால் அனுப்பாதிருக்கலாம் என்று மறுமொழி கூறுதல் கூடும். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம் முதலாக, வரவு கட்டாயம் என்னும் கொள்கை வேரூன்றத் தொடங்கியது. வராவிட்டாற் குற்றம், வந்தால் வேதபாடம் என்றால் அது ஒல்லாந்தர் காலத்துக்கே மீள்வதாகும். ஆகவே மனச்சாட்சி விதி எனப்படுவது 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டத்தில் இடம்பெற்றது. தன் பிள்ளை சமய பாடத்துக்கு இருத்தல் தனக்கு உடன்பாடன்று எனப் பெற்றோர் தெரிவித்தால், அப்பிள்ளையை அப்பாடத்தினின்று நீக்குதல் வேண்டும். இங்கிலாந்திலே 1870ஆம் ஆண்டுச் சட்டத்திற் சேர்க்கப்பட்ட ஒரு விதியின் நிழல் இது.

இவ்விதியைப் பெற்றோர் எத்தனை பேர் பயன்படுத்த முடிந்தது என்பதே கேள்வி. கையெழுத்திடத் தெரியாத தகப்பன் எழுத்திலே மறுப்புக் கொடுப்பது எவ்வாறு? பாடசாலை முகாமையாளரின் தயவினாற் பிள்ளைக்கு நாளை ஓர் உத்தியோகமோ உபாத்தியாயர் வேலையோ கிடைக்கும் என்றிருப்பவன் அவர் முகத்தெதிரே ‘வேண்டா’ என்று சொல்வானா? சொன்னாலும், வகுப்பார் எல்லாரும் உள்ளே இருக்க, தன் பிள்ளை மாத்திரம் விறாந்தையில் நிற்பதை எந்தத் தாய் விரும்புவாள்? வெளியேறும் உரிமையைச் சட்டம் கொடுத்தது. வெளியேறிய பிள்ளை அந்த முக்கால் மணி நேரம் என்ன செய்யும் என்பதைச் சட்டம் கூறவில்லை. இங்கேதான் நாவலர் 1848இற் கண்டது எவ்வளவு சரி என்பது புலனாகின்றது. விதியின் இக்குறையை உணர்ந்து, பெற்றோர் மறுத்தாலன்றிக் கற்பிக்கலாம் என்பதைத் தலைகீழாக்கி, பெற்றோர் விரும்பினாலன்றி வேறு சமயத்தைக் கற்பிக்கலாகாது என்று பின்னாளில் மாற்றினர். வாக்கியத்தில் ஒரு சிறு மாற்றம். அதற்காக இருபதாண்டுக்கு அணித்தாக வாதம் நடந்தது.

எதிர்ப்பக்கத்தார் கூறியதையும் நேர்மையாகக் கேட்டல் வேண்டும். கத்தோலிக்கருக்குப் பாடசாலையிலே சமயம் என்பது நாளொன்றுக்கு ஒரு பாடவேளையன்று. வரலாறு கற்பிப்பவரும் கணக்குக் கற்பிப்பவரும் ஒரே விசுவாசத்தில் வாழ்வோராயிருத்தல், காலைச் செபம், திருநாள், ஆசிரியரின் நடத்தை யாவும் சேர்ந்த சூழலே சமயக்கல்வி என்பது அவர் கொள்கை. பெற்றோரின் சமயத்தைச் சமய பாட நேரத்திற் கற்பித்தால் யாவும் நிறைவுறும் என்று எண்ணுவோர் சமயத்தைக் குறுக்குகின்றனர் என அவர்கள் வாதிட்டனர். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடல் இயலாது. சைவ வித்தியாவிருத்திச் சங்கத்தாரும் தம் பாடசாலைகள் வேண்டும் என்பதற்கு ஏறக்குறைய இதனையே காரணமாகக் கூறினர்.

எனினும் அச்சூழல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சூழலாக இருக்கவில்லை. நாவலரின் பாடசாலையிற் சாதியிற் குறைந்தோர் எனப்பட்டவருக்கு இடமில்லை. மிஷன் பாடசாலைகளும் சாதியோடு பலகாலம் சமாதானம் செய்துகொண்டே நடந்தன. பல பாடசாலைகளில் வாங்கில் இருந்தவரும் நிலத்தில் இருந்தவரும் ஒரே பாடத்தைக் கேட்டனர். நன்கொடை பெறும் பாடசாலைகளிலே சம ஆசனம் கொடுத்தல் வேண்டும் என அரசாங்கம் 1929இற் பணித்தபோது, யாழ்ப்பாணத்திலே பெரும் எதிர்ப்பு மூண்டது. 1930ஐ அடுத்துப் பாடசாலைகள் சில தீக்கிரையாயின. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் சம ஆசனத்தை ஆதரித்து நின்றனர். சமயத்தின் பெயராற் பேசிய பெரியோர் பலர் அதற்கு எதிராக மனுச் செய்தனர். எவருடைய சமயத்தைக் கற்பிப்பது என்று எண்பதாண்டு வாதாடிய சமூகம், கற்கும் பிள்ளை எங்கே இருப்பது என்பதிலே தன் சமயத்தைத் தேடிக் காணாது போயிற்று. பாடசாலைச் சமயத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்தப் பக்கத்தைப் புரட்டிச் செல்லுதல் வழக்கம், அது நேர்மையன்று.

இதற்கிடையே அரசியலும் மாறிற்று. 1931இல் யாவர்க்கும் வாக்குரிமை வந்தது, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி மந்திரியாயினார். அவர் தலைமையில் அமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945ஆம் ஆண்டு அக்டோபர் முதலாந் தேதி தொடக்கம் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இலவசக் கல்வியின் மறுபக்கம் ஒன்றுண்டு. நன்கொடை பெறும் பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் இறுத்தது. ஆசிரியரை நியமிப்பவரும் நீக்குபவரும் முகாமையாளரே. அந்நாளில் நாட்டு மக்களுட் கிறித்தவர் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். நன்கொடைப் பாடசாலைகளிலும் பெயர்பெற்ற கல்லூரிகளிலும் அவர்கள் பங்கு அதனிலும் பன்மடங்கு. பொதுமக்களின் பணம், தனியொரு சபையின் அதிகாரம் என்னும் முரண் ஆண்டுதோறும் கூர்மையடைந்தது. சுதந்திரத்தின் பின்னர் அதனைச் சொல்லும் குரல்கள் உரத்தன.

முடிவு 1960இல் வந்தது. அவ்வாண்டு யூலையிலே ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் பதவியேற்றது. பதியுதீன் மஹ்மூத் கல்வி மந்திரியாயினார். நன்கொடைப் பாடசாலைகளின் முகாமையை அரசாங்கம் ஏற்கும் சட்டம் நிறைவேறி, டிசம்பர் முதலாந் தேதி நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டுச் சட்டம் கட்டடங்களையும் காணிகளையும் அரசாங்கத்தின் வசமாக்க வழிசெய்தது. ஏறத்தாழ 2,500 பாடசாலைகள் கைமாறின. உயர்தரக் கல்லூரிகளுக்கு மாத்திரம் ஒரு தெரிவு அளிக்கப்பட்டது: விரும்பினால் தனியார் பாடசாலையாகவே நிற்கலாம், ஆனால் அரசாங்கப் பணமும் இல்லை, மாணவரிடம் கட்டணம் வாங்கும் உரிமையும் இல்லை.

கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுட் புகுந்து இரவும் பகலும் அங்கேயே தங்கினர். தாய்மார் வகுப்பறைகளிற் சமைத்தனர். பிள்ளைகள் வாங்குகளில் உறங்கின. பல இடங்களிற் பொலிசாரும் மக்களும் எதிரெதிரே நின்றனர். 1961 சனவரியிலே பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிறேசியஸ் கொழும்புக்கு வந்து ஆயர்களோடும் அரசாங்கத்தோடும் பேசினார். இரத்தம் பெருகாமலே அந்த மறியல் முடிவுற்றது. கைவிடப்பட்டவை கட்டடங்கள் மாத்திரமல்ல. பல தலைமுறைகளின் காணிக்கையும் உழைப்பும் அவற்றுடன் சென்றன.

இங்கே ஒரு முரண் உண்டு. கிறித்தவ முகாமையை மனத்திற்கொண்டு எழுந்த சட்டம் சைவப் பாடசாலைகளையும் அதே கையினால் எடுத்துக்கொண்டது. சைவ வித்தியாவிருத்திச் சங்கம் நாற்பதாண்டிற் கட்டியது ஒரு வருத்தமானிப் பத்திரிகையில் முடிந்தது. இந்துக் கல்லூரி அரசினர் பாடசாலையாயிற்று, ஆனந்தாவும் ஆயிற்று. நாவலர் கற்றுக் கற்பித்த வெஸ்லியன் பாடசாலையின் வழிவந்த மத்திய கல்லூரியும், பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியும், வேம்படி மகளிர் பாடசாலையும் அவ்வாறே ஆயின. சம்பத்திரிசியார் கல்லூரி, பரியோவான் கல்லூரி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி என்பன தனியார் நிலையங்களாக நின்றன. கட்டணமும் இன்றி நன்கொடையும் இன்றிப் பழைய மாணவரின் கொடையால் அவை கடந்த ஆண்டுகள் மிகக் கடியன. பின்னர் அத்தகைய பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் மீண்டும் ஏற்றதனால், உதவிபெறும் தனியார் பாடசாலை என்னும் ஓர் இனம் நாட்டிலே நிலைத்தது.

பாடசாலைகளை எடுத்த அரசாங்கம் சமயத்தை வெளியே விடவில்லை. பிள்ளைக்கு அதன் பெற்றோரின் சமயத்தைக் கற்பிக்கும் கடமையைத் தானே ஏற்றுக்கொண்டது. 1869இல் அரசினர் பாடசாலை சமயச் சார்பற்றது என்று தொடங்கிய வழி, நூறாண்டு நடந்து, அரசினர் பாடசாலையே எல்லாச் சமயங்களையும் கற்பிக்கும் இடம் என்பதில் வந்து நின்றது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திலே சமயம் யாவர்க்கும் உரிய பாடமாயிற்று. இன்று கல்விப் பொதுத் தராதரப் பத்திரச் சாதாரணதரப் பரீட்சையிலே அது கட்டாய பாடங்களுள் ஒன்று. பௌத்தம், சைவநெறி, கத்தோலிக்கம், கிறித்தவம், இஸ்லாம் ஒவ்வொன்றுக்கும் அரசாங்கமே பாடப்புத்தகம் அச்சிட்டு இலவசமாக வழங்குகின்றது. நாவலர் தம் கைப்பணத்தாலும் அன்பர் கொடையாலும் அச்சிட்டதை அரசாங்க அச்சகம் அச்சிடுகின்றது.

விறாந்தையில் நின்ற பிள்ளை வகுப்புக்குள் வந்துவிட்டது. அது பெரிய பேறு. அதனைச் சிறிதென்று கூறுவோர் 1920க்கு முற்பட்ட நிலையை அறியாதார். ஆயினும் இழப்பும் இல்லாமல் இல்லை. சமயம் புள்ளி பெறும் பாடமாயிற்று. தேவாரத்தின் பண்ணை அறியாத பிள்ளை, பாடிய நாயனாரின் பிறந்த ஊரையும் பெற்றோர் பெயரையும் பிழையின்றி எழுதி அதிவிசேட சித்தி பெறுகின்றது. தன் சமயத்தையன்றி அயல் வகுப்பிலே நண்பன் கற்கும் சமயத்தைப் பற்றி ஒரு வரியும் அறியாமலே பதினொரு ஆண்டு கடக்கின்றது. அருகருகே ஐந்து வகுப்புகள். இடையிலே நான்கு சுவர்கள். ஒரு சமயத்துப் பிள்ளைகள் இருவரோ மூவரோ உள்ள பாடசாலையில் அவர்களுக்குரிய ஆசிரியர் கிடையாதபோது, பழைய விறாந்தை புதிய வடிவிலே திரும்பியும் வருகின்றது.

தனியார் கல்வியின் கதையும் எதிர்பாராத வழியிலே சென்றது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலை அமைத்தலைத் தடுத்தது. 1980கள் தொடக்கம் சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழே பதிவுபெற்றுப் பெருகின. அவற்றைக் கல்விக் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. அங்கே சமயம் கற்பிப்பதும் விடுவதும் கம்பனியின் விருப்பம். பெற்றோர் கேட்பதோ பெரும்பாலும் ஆங்கிலமும் பரீட்சையும். வட்டுக்கோட்டைச் செமினரியின் வாயிலிலே நின்ற தகப்பன் கேட்டதும் அதுவே.

ஞாயிற்றுக்கிழமைகளிற் கோவில் மண்டபங்களிலே அறநெறிப் பாடசாலைகள் நடைபெறுகின்றன. விகாரைகளிலும் தேவாலயங்களிலும் அவ்வாறே. சமயத்தைப் பரீட்சையினின்றும் பிரித்து மீண்டும் வழிபாட்டிடத்தின் நிழலிலே கற்பிக்கும் முயற்சி இது. அதற்குப் பிள்ளைகள் போதிய அளவில் வருவதில்லை என்பது பொதுவான முறைப்பாடு; அவ்வேளையில் அவர்கள் தனியார் வகுப்புகளிற் கணிதமும் விஞ்ஞானமும் கற்றுக்கொண்டிருக்கின்றனர். ஞாயிறு காலையில் அவ்வகுப்புகளை நிறுத்துதல் வேண்டும் என்று அண்மை ஆண்டுகளிற் பௌத்த பிக்குமாரும் இந்துக் குருமாரும் கத்தோலிக்க ஆயர்களும் ஒரே கோரிக்கையை விடுத்து வருகின்றனர்.